நேபாளத்தில் பயணிகள் போக்குவரத்து

நேபாளம், இந்தியாவுக்கும் சீனாவின் திபெத் தன்னாட்சிப் பகுதிக்கும் இடையே அமைந்துள்ள கடற்கரையற்ற நாடு ஆகும். வெளிநாட்டவர் இந்நாட்டினுள் வான்வழியாகவோ தரைவழியாகவோ மட்டுமே நுழைய இயலும். நாட்டினுள் பயணிகள் போக்குவரத்து பேருந்து, ஜீப்பு, சிறிய விமானம் ஆகியவற்றைச் சார்ந்துள்ளது. சாலை முடிவடையும் இடத்துக்கு அப்பால் நடைப்பயணமே வழியாகும். தொடருந்து, தென்கிழக்கில் இந்திய எல்லையை ஒட்டிய ஒரு சிறு பகுதியில் மட்டும் ஓடுகின்றது.

நேபாளத்தில் தொலைவைக் கொண்டு பயண நேரத்தைக் கணிப்பது பெரும்பாலும் தவறாக முடியும். தலைநகர் காட்மாண்டுவிலிருந்து பொக்காரா நகருக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவே உள்ளது. விமானம் இதனை அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடுகின்றது. பேருந்துக்கு 7 முதல் 10 மணி நேரம் ஆகலாம். மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டால் அடுத்த நாள்தான் சென்று சேர முடியும். பயணத்தின் கால அளவையும், பல வேளைகளில் பாதுகாப்பையும், எந்த மாதத்தில் எந்த நேரத்தில் புறப்படுகின்றோம் என்பதே தீர்மானிக்கின்றது.

நாட்டுக்கு வருதல்

வான்வழி

காட்மாண்டுவில் உள்ள திரிபுவன் பன்னாட்டு விமான நிலையம் நாட்டின் முதன்மை வாயிலாகும். கடல் மட்டத்திலிருந்து 1,338 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த இந்நிலையத்துக்கு ஓர் ஓடுபாதை மட்டுமே உண்டு. இதன் விளைவு 2015 மார்ச் 4 அன்று தெளிவாகத் தெரிந்தது. பனிமூட்டத்தில் தரையிறங்கிய பெரிய பயணிகள் விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகிப் புல்தரையில் நின்றதால், நாட்டின் பன்னாட்டு விமானப் போக்குவரத்து சில நாட்கள் முற்றாக நின்றுபோனது. அப்போது வேறு பன்னாட்டு விமான நிலையம் நாட்டில் இருக்கவில்லை.

அதன் பின்னர் இரண்டு நிலையங்கள் திறக்கப்பட்டன. லும்பினிக்கு அருகில் பைரவாவில் உள்ள கௌதம புத்தர் பன்னாட்டு விமான நிலையம் 2022 மே 16 அன்றும், பொக்காரா பன்னாட்டு விமான நிலையம் 2023 ஜனவரி 1 அன்றும் செயற்படத் தொடங்கின. எனினும் தொடக்க ஆண்டுகளில் இவ்விரண்டுக்கும் மிகச் சில பன்னாட்டுச் சேவைகளே கிடைத்தன. வெளிநாட்டவரில் மிகப் பெரும்பாலோர் காட்மாண்டு வழியாகவே வருகின்றனர்.

இந்தியக் குடிமக்களுக்கு நுழைவிசைவு தேவையில்லை. விமானத்தில் செல்லும் இந்தியர் கடவுச்சீட்டு அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டையைக் கொண்டுசெல்ல வேண்டும். இலங்கை உள்ளிட்ட சார்க் நாடுகள் பெரும்பாலானவற்றின் குடிமக்களுக்கு ஓராண்டில் முதல் 30 நாட்களுக்கு நுழைவிசைவுக் கட்டணம் இல்லை. பிற நாட்டவர் பலர் வந்திறங்கிய பின் விமான நிலையத்திலேயே கட்டணம் செலுத்தி நுழைவிசைவு பெறலாம்.

தரைவழி

இந்திய எல்லையில் பல நுழைவாயில்கள் உள்ளன. சுனௌலி, ரக்சௌல்–பீர்கஞ்ச், கிழக்கே காகர்பிட்டா, மேற்கே பன்பசா ஆகியன அவற்றுள் முக்கியமானவை. தமிழ்நாட்டிலிருந்து தரைவழியாகச் செல்வோர் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வரை தொடருந்தில் சென்று, அங்கிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள சுனௌலிக்குப் பேருந்தில் செல்வது வழக்கம். எல்லையை நடந்தே கடந்து, மறுபுறம் பொக்காராவுக்கோ காட்மாண்டுவுக்கோ பேருந்து பிடிக்கலாம்.

எரிபொருளுக்கு நேபாளம் இந்தியாவையே சார்ந்துள்ளது. 2015 செப்டம்பர் முதல் 2016 பெப்ரவரி வரை தெற்கு எல்லையில் சரக்குப் போக்குவரத்து தடைப்பட்டபோது, பெட்ரோல் நிலையங்களில் நெடிய வரிசைகள் நின்றன. பேருந்துகளின் கூரைகளில் பயணிகள் நெருக்கியடித்துப் பயணம் செய்தனர். மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்ச் வரையான எண்ணெய்க் குழாய்வழி 2019 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

வடக்கே திபெத்தினுள் செல்லும் முக்கிய வழிகள் இரண்டும் உறுதியற்றவை. அரனிகோ நெடுஞ்சாலையின் முனையிலுள்ள தாதோபானி வாயில் 2015 நிலநடுக்கத்தின் பின் மூடப்பட்டு 2019 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ரசுவாகடியில் இரு நாடுகளையும் இணைத்த நட்புறவுப் பாலத்தை 2025 ஜூலை 8 அன்று வெள்ளம் அடித்துச் சென்றது.

உள்நாட்டு விமானங்கள்

நேபாளத்தின் மலை மாவட்டங்கள் பலவற்றுக்குச் சிறு விமானம் ஆடம்பரமன்று. பல நாள் நடையையோ கடினமான சாலைப் பயணத்தையோ தவிர்க்கும் ஒரே வழி அதுவாகும். இவ்விமானங்களுள் பல 20 இருக்கைகளுக்கும் குறைந்தவை. குறுகிய ஓடுபாதைகளில் இறங்கும் இவற்றின் விமானிகள் மலைகளைக் கண்ணால் பார்த்தே வழி காண்கின்றனர். மேகம் சூழ்ந்தால் பறக்கக் கூடாது என்பதே விதி. நேபாளத்தின் மேகங்களுக்குள் பாறைகள் உண்டு என்று விமானிகள் சொல்வது வெறும் வேடிக்கையன்று.

எவரெஸ்ட் பகுதியின் வாயிலான லுக்லாவில் உள்ள டென்சிங்-ஹிலாரி விமான நிலையம் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1964 இல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் அமைக்கப்பட்ட இந்நிலையம் ஏறத்தாழ 2,845 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர் மட்டுமே. அதுவும் ஏறத்தாழ 12 விழுக்காடு சரிவுடையது. ஒரு முனையில் மலைச் சுவர், மறு முனையில் பள்ளத்தாக்கு. எனவே விமானங்கள் மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கி எழும்புகின்றன. இறங்கத் தொடங்கிய விமானம் இறுதிக் கட்டத்தில் மனம் மாறித் திரும்ப இடமில்லை. விமானங்கள் பெரும்பாலும் காலை வேளையிலேயே இயங்குகின்றன. பிற்பகலில் மேகமும் காற்றும் கூடிவிடும்.

மலையேற்றப் பருவங்களில் காட்மாண்டு ஓடுபாதையில் நெரிசல் மிகுவதால், லுக்லா விமானங்கள் பல ராமேசாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து இயக்கப்படுகின்றன. அங்கு செல்லக் காட்மாண்டுவிலிருந்து 4 அல்லது 5 மணி நேரம் ஆகும் என்பதால், பயணிகள் நள்ளிரவுக்குப் பின் வாகனம் ஏற வேண்டியிருக்கும். மோசமான வானிலையில் லுக்லாவில் சில நாட்கள் சிக்கிக்கொள்வதும் புதிதன்று. திரும்பும் நாளன்றே பன்னாட்டு விமானத்துக்குச் சீட்டு வாங்கியவர்கள் அதனைத் தவறவிட்டதுண்டு. இரண்டு நாட்களாவது இடைவெளி விடுதல் நன்று.

பாதுகாப்பு வரலாறு கவலைக்குரியது. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், நேபாளத்தின் விமான நிறுவனங்கள் அனைத்தையும் தனது வான்பரப்பில் பறக்கத் தடைசெய்தது. 2022 மே 29 அன்று பொக்காராவிலிருந்து ஜோம்சோம் சென்ற சிறு விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்தனர். 2023 ஜனவரி 15 அன்று, திறக்கப்பட்டு இரண்டு வாரமே ஆன பொக்காரா நிலையத்தில் இறங்கவிருந்த விமானம் விழுந்து 72 பேரும் இறந்தனர். அன்று வானம் தெளிவாகவே இருந்தது. இறக்கை மடிப்பை இயக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக இரு இயந்திரங்களின் விசிறிகளைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல்கள் இழுக்கப்பட்டதால் உந்துவிசை அற்றுப்போனது என விசாரணை கண்டது. எனவே எல்லா விபத்துகளுக்கும் மலையையும் மேகத்தையும் மட்டுமே காரணம் காட்ட இயலாது.

உயர்மலையில் நோயுறுவோரை மீட்க உலங்கு வானூர்திகள் பயன்படுகின்றன. தேவையற்ற மீட்புகளை நடத்திக் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் பெற்ற மோசடியை 2018 இல் அரசு விசாரணை ஒன்று வெளிக்கொணர்ந்தது. மெய்யான உயர்மலை நோய்க்கு விரைவாகக் கீழிறங்குவதே மருந்து என்பதால், உயர்மலை மீட்பை உள்ளடக்கிய காப்பீடு இன்றி மலையேற்றம் செல்வது அறிவுடைமை ஆகாது.

சாலைகள்

காட்மாண்டுப் பள்ளத்தாக்கை இந்திய எல்லையுடன் இணைத்த முதல் சாலையான திரிபுவன் ராஜபாதை, இந்திய உதவியுடன் 1956 இல் நிறைவுற்றது. அதற்கு முன்பே காட்மாண்டுவில் மோட்டார் வண்டிகள் ஓடின என்பது வியப்புக்குரியது. ராணா ஆட்சியாளர்களின் வண்டிகளைச் சுமைதூக்குவோர் மூங்கில் கட்டைகளில் ஏற்றி, பீம்பேதியிலிருந்து மலைகளைக் கடந்து தோளில் சுமந்து வந்தனர்.

பின்னர் சீன உதவியுடன் கட்டப்பட்ட, 174 கி.மீ. நீளமான பிருதிவி நெடுஞ்சாலை, காட்மாண்டு–பொக்காரா பயணத்தின் முதன்மை வழியானது. தெராய்ச் சமவெளியில் கிழக்கு எல்லையையும் மேற்கு எல்லையையும் இணைக்கும் மகேந்திர நெடுஞ்சாலை 1,028 கி.மீ. நீளமுடையது. வாகனங்கள் இந்தியா, இலங்கை போன்றே சாலையின் இடப்புறம் செல்கின்றன.

பொக்காரா, சித்வன் முதலிய இடங்களுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் காட்மாண்டுவிலிருந்து காலை 7 மணியளவில் புறப்படுகின்றன. இவை வழியில் ஆட்களை ஏற்றுவதில்லை, உணவுக்காக நிற்கின்றன. உள்ளூர்ப் பேருந்துகள் மலிவானவை, ஆயினும் மெதுவானவை. 'மைக்ரோ' எனப்படும் சிறு வேன்கள் விரைவாகச் செல்கின்றன, சில வேளை அளவுக்கு மீறி விரைவாக. தசைன் பண்டிகையை ஒட்டி நகரத்தோர் ஊர் திரும்புவதால் அப்போது எந்தப் பேருந்திலும் இடம் கிடைப்பது அரிது. 'பந்த்' அறிவிக்கப்படும் நாட்களில் நெடுஞ்சாலைகள் வெறிச்சோடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழைக்காலமே சாலைப் பயணத்துக்கு மிக ஆபத்தான காலம். ஆற்றங்கரையை ஒட்டிச் செங்குத்தான சரிவுகளில் வெட்டப்பட்ட சாலைகளில், மேலிருந்து மண் சரிந்தால் வாகனம் நேராக ஆற்றில் விழுகின்றது. 2024 ஜூலை 12 அதிகாலை இருளில், நாராயண்காட்–முக்லிங் சாலையில் சிமல்தால் என்னுமிடத்தில், 60 பேருக்கு மேல் பயணம் செய்த இரு பேருந்துகளை மண்சரிவு திரிசூலி ஆற்றில் தள்ளியது. நீந்திக் கரையேறியவர்கள் மூவர் மட்டுமே. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் காட்மாண்டுவுக்கு வரும் நெடுஞ்சாலைகள் அனைத்தும் துண்டிக்கப்பட்டன. நாடெங்கும் 200 பேருக்கு மேல் இறந்தனர். மழைக்காலத்தில் இரவுப் பேருந்தைத் தவிர்ப்பது பயணி தன் கையிலேயே வைத்துள்ள பாதுகாப்பு ஆகும். பகலில் ஓட்டுநருக்குச் சரிவு கண்ணில் படும், இரவில் படாது.

முக்திநாத் வழி

முஸ்தாங் மாவட்டத்தில் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் உள்ள முக்திநாத், இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் புனிதத் தலமாகும். தமிழ் வைணவர் இதனைத் திருச்சாளக்கிராமம் என்னும் பெயரால், 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகப் போற்றுகின்றனர். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். எனவே தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் யாத்திரிகர் பலர் செல்கின்றனர். அவர்களுள் முதியோர் மிகுதி.

பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானம் சுமார் 20 நிமிடங்களில் செல்கின்றது. காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் கடந்ததும் பலத்த காற்று எழுவதால், விமானங்கள் காலையில் மட்டுமே இயங்கும். ஜோம்சோமிலிருந்து ஜீப்பில் ராணிபௌவா சென்று, அங்கிருந்து கோயிலுக்கு நடந்தோ குதிரையிலோ செல்ல வேண்டும். விமானம் வேண்டாதோர் பேனி வழியாகச் சாலையில் செல்லலாம். பொக்காராவிலிருந்து ஜோம்சோம் வரை ஒரு முழுப் பகல் ஆகும்.

பொக்காரா 800 மீட்டர் அளவிலேயே உள்ளது. விமானத்தில் சென்று அன்றே முக்திநாத் ஏறுவோர், சில மணி நேரத்தில் ஏறத்தாழ 2,900 மீட்டர் உயர்கின்றனர். மூச்சுத் திணறலும் தலைவலியும் இதனாலேயே ஏற்படுகின்றன. ஜோம்சோமில் ஓரிரவு தங்கிச் செல்வது, குறிப்பாக இதய நோயும் மூச்சு நோயும் உடையோருக்கு, ஒரு நாளை வீணாக்குவது ஆகாது.

நகரப் போக்குவரத்து

காட்மாண்டுவில் பேருந்துகள், மைக்ரோ வேன்கள், மூன்று சக்கர 'சபா டெம்போ'க்கள் ஆகியன ஓடுகின்றன. சபா டெம்போ 1990களில் அறிமுகமான மின்கல வண்டி. இதன் ஓட்டுநர்களில் பெண்கள் பலர். வாடகைச் சிற்றுந்துகளில் கட்டண மானி இருப்பினும் ஓட்டுநர்கள் பேரம் பேசவே விரும்புகின்றனர். கைபேசிச் செயலி வழியாக மோட்டார் சைக்கிளையும் சிற்றுந்தையும் அழைக்கும் வசதி வந்த பின் இந்தப் பேரம் சற்றுத் தளர்ந்துள்ளது. அண்மை ஆண்டுகளில் இறக்குமதியாகும் புதிய சிற்றுந்துகளில் பெரும்பகுதி மின்சார வண்டிகளே. தெராய் நகரங்களில் சைக்கிள் ரிக்சாவும் மின் ரிக்சாவும் வழக்கில் உள்ளன.

தொடருந்தும் கம்பிவடமும்

ரக்சௌலுக்கும் அம்லேக்கஞ்சுக்கும் இடையே 1927 இல் தொடங்கிய தொடருந்து 1960களில் நின்றுபோனது. இந்தியாவின் ஜெயநகரிலிருந்து ஜனக்பூர் செல்லும் பாதை 1937 இல் குறும்பாதையாக அமைந்தது. 2014 இல் நிறுத்தப்பட்டு, அகலப்பாதையாக மாற்றப்பட்ட பின் 2022 ஏப்ரல் 2 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. சீதை பிறந்த ஊராகக் கருதப்படும் ஜனக்பூருக்குச் செல்லும் யாத்திரிகருக்கு இது பயன்படுகின்றது. நாட்டின் பிற பகுதிகளுக்கு இதனால் பயனில்லை.

பிருதிவி நெடுஞ்சாலையில் குரிந்தாரிலிருந்து மனகாமனா கோயிலுக்குச் செல்லும் கம்பிவட ஊர்தி 1998 நவம்பரில் திறக்கப்பட்டது. முன்பு பல மணி நேரம் நடந்து ஏறிய 2.8 கி.மீ. தொலைவு இப்போது பத்து நிமிடங்களில் கடக்கப்படுகின்றது. பலியிடக் கொண்டுசெல்லப்படும் ஆடுகளுக்கும் இங்கு தனிச் சீட்டு உண்டு. அது ஒருவழிச் சீட்டாகும்.