நீண்ட பாம்பின் இடம்: பரமபத சோபான படத்தில் அச்சத்தின் அமைப்பு

திருவரங்கத்தில் நம்பெருமாள் பரமபத வாசலைக் கடக்கும் வைகுண்ட ஏகாதசியையொட்டி, கண்விழிப்புக்காக வீடுகளில் விரிக்கப்படும் பரமபத சோபான படத்தை அறநெறிப் பாடமாகவே ஆய்வாளர் பலர் வாசித்திருக்கின்றனர். ஏணி புண்ணியம், பாம்பு பாவம். பாம்பின்மேல் எழுதிய அசுரன் பெயரும் அவன் கதையுமே ஆடுபவரை அஞ்சவைக்கின்றன என்பது அவ்வாசிப்பின் சாரம். படத்தின் எழுத்தை அது படித்த அளவுக்குக் கட்டங்களின் வரிசையைப் படிக்கவில்லை என்று தோன்றுகிறது.

அச்சுப்படங்களில் பெயர்களும் கட்ட எண்ணிக்கையும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடலாம். பெரும்பாலும் மாறாதது நீண்ட பாம்பின் இருப்பிடம்: தலை மேல்வரிசைகளில், வைகுண்டத்தை நெருங்கிய இடத்தில், வால் அடிவாரத்தில். கீழே கடிபடுபவர் சில கட்டங்களை இழக்கிறார். மேலே கடிபடுபவர் அதுவரை ஏறியதனைத்தையும் இழக்கிறார். ஏற ஏற இழக்க வேண்டியது கூடுகிறது, அதனோடு பயமும். 1996இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற கணினித் திகில் ஆட்டம் இதையே வேறு வழியில் செய்தது: ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சுப்பொறிக்கு மைநாடா வேண்டும், நாடாவோ அரிது. அங்கும் கடந்துவந்த தூரமே கழுத்தை நெரிக்கிறது. திகில் என்றால் மறைப்பு என்பவர்கள் ‘சைலண்ட் ஹில்’லின் (1999) மூடுபனியைக் காட்டுவர். ஆனால் அதே ஆட்டத்தில் பூதம் கண்ணில் படுமுன் வானொலி இரையத் தொடங்கிவிடுகிறது. வரப்போவது தெரிந்த பிறகுதான் நடுக்கம். பரமபதத்தில் மறைவே இல்லை. வாய் பிளந்த பாம்பு முதல் உருட்டலிலிருந்தே கண்ணெதிரே கிடக்கிறது.

கதைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆறுபக்கப் பகடையில், அடுத்த கட்டத்திலுள்ள பாம்பை மிதிக்கும் வாய்ப்பு சுமார் 17 சதவீதம். ஆறு கட்டம் தள்ளியிருந்தால், இடையில் வேறு பாம்போ ஏணியோ இல்லாதபோது, ஏதோவொரு உருட்டலில் அதை மிதிக்கும் வாய்ப்பு சுமார் 36 சதவீதம். (தாயக்கட்டையிலும் சோழியிலும் விகிதம் மாறும்.) கணக்குப்படி தொலைவில் இருப்பவரே கூடுதலாக அஞ்ச வேண்டும், வாயருகே நிற்பவர் அதிகம் அஞ்சினால் அது ஓவியத்தின் வேலை. அமைப்பு பிறப்பித்த அச்சத்துக்கு ஓவியமும் பெயரும் முகம் வரைகின்றன. வரிசை இதுதான், முந்தைய வாசிப்பு அதைத் தலைகீழாக்கிவிட்டது.

பகடையாட்டத்தில் ஆடுபவருக்குத் தெரிவே இல்லையே, கணினித் திகிலோடு எப்படி ஒப்பிடுவது என்ற மறுப்பு நெடுநேரம் நிற்காது: ‘அம்னீசியா’ (2010) ஆயுதமே தராமல் ஆடுபவரைக் கையறுநிலையில் விட்டுத்தான் அஞ்சவைத்தது. வலுவான மறுப்பு வேறு. இது தூக்கம் போக்கும் பொழுதுபோக்கு, இதில் அச்சத்தைத் தேடுவது மிகை என்பது அது. கண்விழிப்பே என் தரப்புச் சான்று என்பேன். காட்டழகிய சிங்கர் என்ற நரசிம்மர் கோயில் கொண்ட திருவரங்கத்தில் இரணியன் கதை அறியாத பிள்ளை அரிது. பாம்புக்கு அவன் பெயரையே இட்டாலும் தெரிந்த கதை நள்ளிரவில் யாரையும் நிமிர்த்தி உட்காரவைக்காது. மூன்றாவது ஆட்டத்திலும் தூக்கத்தைக் கலைப்பது, மேல்வரிசைக்கு வந்துவிட்ட காய்க்கும் நீண்ட பாம்புக்கும் இடையே எஞ்சிய கட்டங்களின் எண்ணிக்கை.