இழையம்

ஆரணியில் பட்டு எடுக்கப் போனால் 'டிஷ்யூ' சேலை என்று ஒன்றை விரித்துக் காட்டுவார்கள். பட்டுப் பாவில் சரிகையை ஊடையாக ஓட்டி நெய்தது. மடிப்புக்கு மடிப்பு மினுங்கும். மருத்துவர் சொல்லும் 'திசு'வும் அதே சொல்தான். நெய்வதைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்து, பிரெஞ்சில் துணிக்குப் பெயரானது. 1800-ஐ ஒட்டி, சேவியர் பிஷா என்ற பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் நுண்ணோக்கி இல்லாமலே உடலின் நெசவை 21 வகையாகப் பிரித்தார்; அவர் எழுத்தால் சொல் மருத்துவத்தில் ஊன்றியது. திசுக்களை ஆராயும் ஹிஸ்டாலஜியின் கிரேக்க வேருக்கும் தறி என்றே பொருள்.

தமிழகப் பாடநூல்கள் ஒலியைப் பிடித்து 'திசு' என்றன. இலங்கைத் தமிழர் பொருளைப் பிடித்து 'இழையம்' என்றார்கள். இழை என்றால் நூல். எனக்கு இழையமே நிறைவான சொல்.

மாற்று இதயத்தை உடல் ஏற்கிறதா என்றறிய அதன் இழையத்தைத்தான் சோதிக்கிறார்கள். கழுத்துச் சிரை வழியே நுண்ணிய இடுக்கியை வலது கீழறைக்குள் செலுத்தி, நடுச்சுவரிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் துணுக்குகளைக் கிள்ளி எடுப்பார்கள். இரத்தக்குழாய் வழியே இதயத் துணுக்கு எடுக்கும் முறையை 1962-ல் ஜப்பானில் சகாகிபாரா, கொன்னோ என்ற மருத்துவர்கள் காட்டினார்கள். எக்ஸ்ரே திரையில் இடுக்கி தெரியும். எந்தத் தசையைக் கவ்வுகிறது என்பது தெரியாது. மீயொலிப் படமான எக்கோவிலோ இடுக்கியின் முனை தொடும் சுவரும், அருகிலுள்ள வால்வின் நாண்களும் தெரியும். மெல்லிய வெளிச்சுவர் துளைபட்டு இதய உறைக்குள் இரத்தம் கசிந்தால் அங்கேயே கண்டுகொள்ளலாம். கதிர்வீச்சும் இல்லை. முதல் ஆண்டில் பலமுறை இச்சோதனைக்குப் படுக்க வேண்டிய நோயாளிக்கு அது பெரிய ஆறுதல்.