மலைப்பாதை திறந்தே இருந்தது



இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில் பீக் மாவட்டம் என்னும் மலைநாடு உள்ளது. 1951-இல் பிரித்தானியாவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பசும்புல் சரிவுகளில் நடந்து மகிழ வருவோர் பலர், ஈம் என்ற சிற்றூரையும் நாடிச் செல்கின்றனர். அங்கே அவர்களை வரவேற்பவை பழைய கல்வீடுகளும், புனித லாரன்ஸ் ஆலயமும், வயல்வெளிக் கல்லறைகளுமே.

1665-இல் இலண்டனிலிருந்து அவ்வூர்த் தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணிப்பொதி வந்தது. அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளோடு கொள்ளைநோயும் வந்தது என்பர். செப்டம்பரில், துணியைப் பிரித்த பணியாளர் ஜார்ஜ் விக்கார்ஸ் முதலில் இறந்தார். அடுத்த கோடையில் சாவு பெருகியது. ஊரைவிட்டு ஓட மலைப்பாதை திறந்தே இருந்தது. ஆனால், ஓடுவோரோடு நோயும் அண்டை ஊர்களுக்கு ஓடுமே!

அவ்வூரின் ஆங்கிலிக்கன் அருள்பணியாளர் வில்லியம் மோம்பெசன் புதியவர். மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவரோ, சபையின் வழிபாட்டு முறையை ஏற்க மறுத்துப் பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லி. கொள்கையால் பிரிந்திருந்த இருவரும் மக்களுக்காகக் கைகோத்தனர். 1666 ஜூனில், எவரும் எல்லையைத் தாண்டுவதில்லை என ஊரார் உறுதி பூண்டனர். ஆலயத்தைப் பூட்டி, திறந்த பள்ளத்தாக்கில் விலகி நின்று வழிபட்டனர். இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே அடக்கம் செய்தனர்.

எல்லைக்கல்லின் குழிகளில் காடி ஊற்றி, அதில் காசுகளை இட்டனர். அண்டை ஊரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துச் சென்றனர். அந்தக் கல்லை இன்றும் காணலாம்.

எலிசபெத் ஹான்காக் என்ற தாய், ஆகஸ்டில் எட்டே நாள்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தம் கையாலேயே புதைத்தார். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் கணவரோடு தங்கிய மோம்பெசனின் மனைவி கேத்தரினும் அதே மாதத்தில் உயிர்நீத்தார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது, இறந்தோர் ஏறத்தாழ 260 பேர்.

கொரோனா நாள்களில் நாமும் கதவடைத்து இருந்தோம். நோய் நம்மை அண்டக் கூடாதே என்று அஞ்சினோம். நம்மால் பிறருக்குத் தீங்கு வரக் கூடாதே என்று எத்தனை முறை எண்ணினோம்? ஈம் மக்கள் காப்பாற்றியது பெயர்கூடத் தெரியாத மனிதர்களை. இயேசு சொன்ன நல்ல சமாரியர் வழியில் கிடந்தவரை நெருங்கிச் சென்று அன்பு செய்தார். இவர்கள் விலகி நின்று அன்பு செய்தார்கள். இரண்டிலும் அடுத்திருப்பவரே முதலிடம் பெறுகிறார்.

ஆண்டுதோறும் ஆகஸ்டின் இறுதி ஞாயிறன்று அந்த மக்கள் அதே பள்ளத்தாக்கில் கூடிச் செபிக்கின்றனர். நம் விருப்பத்துக்கும் பிறர் நலனுக்கும் இடையே எல்லைக்கல் எங்கே என்று கண்டு, அங்கே நிற்கும் மனத்திடத்தை நாமும் இறைவனிடம் வேண்டுவோம்.