பெபிள் பீச் கண்காட்சியும் பழைய மகிழுந்துகளின் மெருகும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடைபெறும் பெபிள் பீச் மகிழுந்துக் கண்காட்சி, 1950 ஆம் ஆண்டு ஒரு சாலைப் பந்தயத்தின் துணை நிகழ்வாகத் தொடங்கியது. தொடக்கத்தில் புதிய மகிழுந்துகளே முதற்பரிசு பெற்றன. 1955 இல் பந்தய வீரர் பில் ஹில் புதுப்பித்த 1931 ஆம் ஆண்டு பியர்சு-ஆரோ வென்றது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மகிழுந்து ஒன்று இப்பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை.

அதன்பின் புதுப்பிக்கும் கலை வளர்ந்தது. பழைய வண்ணத்தைச் சுரண்டி நீக்கி, புதிதாகப் பல அடுக்குகள் பூசி மெருகேற்றினர். குரோமியப் பூச்சும் தோல் இருக்கைகளும் புதிதாயின. நடுவர்கள் பார்வையிடும் முன் இயந்திரம், சக்கரக் கம்பிகள், அடிப்பகுதி ஆகியவையும் தூசின்றித் துடைக்கப்பட்டன. ஆனால், பல மகிழுந்துகள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளைவிடக் கூடுதலாகப் பளபளத்தன. அவற்றின் அசல் வண்ணமும் பயன்பாட்டுத் தடயங்களும் மீட்க முடியாதபடி அழிந்தன.

இதனால் புதுப்பிக்கப்படாத மகிழுந்துகளுக்குத் தனிப்பிரிவு பின்னர் உருவானது. இப்பிரிவில் தூசியை அகற்றலாம். தோல் வெடிக்காமல் காக்கலாம். அசல் பூச்சைத் தேய்த்து நீக்குவது குறையாகும். 2024 இல், பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டு ஒருகாலத்தில் வைத்திருந்த 1934 ஆம் ஆண்டு புகாட்டி வகை 59, தேய்ந்த கறுப்புப் பூச்சுடனேயே முதற்பரிசு பெற்றது. புதுப்பிக்கப்படாத மகிழுந்து ஒன்று அங்கு முதற்பரிசு பெற்றது அதுவே முதல்முறை.