பெங்களூர்த் தண்டில் மூதாதையரைத் தேடல்: கணக்கெடுப்பும் அடக்கப் பதிவேடும்

ஆங்கிலேயர் 1809இல் பெங்களூரில் தண்டு அமைத்தபோது சென்னைப் படையோடு சிப்பாய்களும், சமையற்காரர்களும், சலவைக்காரர்களும், குதிரைக்காரர்களும் வந்து குடியேறினார்கள். அல்சூர், சிவாஜிநகர்ப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் தொடக்கம் அதுவே. அவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடப் புகும்போது முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நாடுகிறார்கள். பிரிட்டனில் இது பலிக்கும். அங்கே 1921ஆம் ஆண்டின் வீட்டுவாரித் தாள்கள் நூறாண்டு கழித்து 2022இல் திறந்துவிடப்பட்டன. இங்கே தொகுப்பு முடிந்ததும் தாள்கள் அழிக்கப்பட்டன, எஞ்சியவை அட்டவணைகளே. பிற்காலத் தாள்களையோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு எவரும் பார்க்க முடியாதபடி மூடிவிட்டது.

அதற்காக அட்டவணைகளை ஒதுக்குவது தவறு. 1881இல் மைசூர் அரசு உடையார் வசம் திரும்பிய பின்னும் தண்டு பிரிட்டிஷார் கையிலேயே இருந்ததால் அதன் மக்கள்தொகை தனியே அச்சாகியிருக்கிறது. 1891இல் 1 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த அத்தொகை 1901இல் 89,599. இடையில் வந்தது 1898ஆம் ஆண்டின் பிளேக். ஆனால் இந்தச் சரிவு முழுவதும் சாவு அல்ல. ஊரை விட்டு ஓடியவர்களும் இதில் அடங்குவர். நாம் தேடும் ஒருவர் மடிந்தாரா, ஆற்காட்டுப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பினாரா என்று அட்டவணை சொல்லாது. அதற்கு அடக்கப் பதிவேடு வேண்டும்.

ஆங்கிலிக்கன் குருமார் இறந்த நாள், அடக்கிய நாள், பெயர், வயது, தொழில், சாவின் காரணம் எனப் பத்தி பிரித்து எழுதினார்கள். அவற்றின் படிகள் சென்னை வழியே இலண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ வரிசையில் உள்ளன. அங்கே வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியருமே மிகுதி. தமிழ்க் கிறிஸ்தவரைத் தேடுவோர் அந்தந்த ஆலயத்தின் மூலப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அதையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். குடும்பப் பெயர் இராது. ஒரே பங்கில் சவரிமுத்துகள் பலர் இருப்பார்கள். தொழிலும் தகப்பன் பெயரும் பொருந்தினாலன்றி ஆள் இவரே என்று முடிவுகட்டலாகாது. வயது 40, 50, 60 என்று முழு எண்ணாக வந்தால் அது உடலைக் கொண்டுவந்தவர்களின் மதிப்பீடு. அதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கணிப்போர் ஐந்தாண்டாவது முன்பின் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். பிளேக் மாதங்களில் ‘காய்ச்சல்’ என்றிருந்தால் அது பிளேக்காகவும் இருக்கலாம். வீட்டாரையும் முகாமுக்குக் கொண்டுபோய் விடுவார்களே என்ற அச்சத்தில் நோயை மறைத்த குடும்பங்கள் அன்று ஏராளம். நகரின் பழைய கல்லறைத் தோட்டங்களில் இடமின்றிப் பழைய குழியையே மீண்டும் திறப்பதால், கல் மறைந்த பின்னும் ஏடே மிஞ்சுகிறது.

ஓர் ஒப்பீடு இந்த ஆவணங்களின் இயல்பை விளக்கும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுடைய கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயர், சாதி, ஊர், உடல் அடையாளம் வரை பதிவாயின. அதே ஊரிலிருந்து தண்டுக்கு நடந்து வந்த தம்பிக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. ஒப்பந்தக்காரன் ஓடிப்போனால் அவனைப் பிடிக்க அடையாளம் தேவைப்பட்டது. தண்டுக்கு வந்தவனை எவரும் அப்படிக் கட்டிவைக்கவில்லை. ஆளைப் பிடித்துவைக்கவோ சடங்கோடு அடக்கவோ தேவை எழுந்த இடத்தில்தான் பெயர் எழுதப்பட்டது. ஆகவே ஏட்டில் பெயர் இல்லாததை, ஆளே இல்லை என்பதற்குச் சான்றாக்க முடியாது.

தண்டின் இந்துத் தமிழர்களுக்கு இந்த வாதம் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். சுடுகாட்டில் ஏடு வைத்துப் பெயர் எழுதும் வழக்கம் அவர்களிடம் இல்லை. செல்வர்களுக்கு அறக்கட்டளைப் பத்திரம் உண்டு. ஆற்காடு நாராயணசாமி முதலியார் தாம் 1873இல் தொடங்கிய பள்ளியின் வழியாகவே நிலைத்துவிட்டார். குதிரைக்காரருக்கு அது இல்லை. அவரைத் தேடுவோர் சாவிலிருந்து தொடங்காமல் மகனிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்: பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் பையனின் பெயருக்கு அருகே தகப்பன் பெயரும் தொழிலும் கிடைக்க வாய்ப்புண்டு.