1994: ஒரே வருஷம், ஒரே குரல்

90ஸ் ஹிட்ஸ்னா யார் பேரைச் சொல்வீங்க? ரகுமான், தேவா, எஸ்.பி.பி. நான் ஸ்வர்ணலதாவைச் சொல்வேன். #இழை

1994-ஐ மட்டும் எடுத்துக்குங்க. 'காதலன்' படத்துல மனோவோட பாடின 'முக்காலா முக்காபுலா'. கீழ்பென்னாத்தூர் கல்யாணங்கள்ல இன்னைக்கும் பசங்க ஆடுற பாட்டு.

அதே வருஷம், பெண் சிசுக்கொலையைப் பேசின 'கருத்தம்மா'வுல 'போறாளே பொன்னுத்தாயி'. ரெண்டுக்குமே ரகுமான்தான் இசை. முதல் பாட்டுல துள்ளுன குரல், ரெண்டாவதுல அப்படியே உடைஞ்சு போயிருக்கும். அதுக்குத்தான் தேசிய விருது. அப்போ அவங்களுக்கு வயசு 21.

2010 செப்டம்பர்ல நுரையீரல் நோயால இறந்துட்டாங்க. வயசு வெறும் 37. பாடகிக்கு மூச்சுதானே முதல்? மூச்சுத்திணறலோட வர்றவங்களைத் தினமும் பார்க்கிற எனக்கு, இது வெறும் சினிமா செய்தி இல்லை.

நாம பிரபுதேவா ஆட்டத்தை ஞாபகம் வெச்சிருக்கோம். குரலை மறந்துட்டோம். அடுத்த தடவை டவுன் பஸ்ல அந்தப் பாட்டு வந்தா, பாடினது யாருன்னு உங்க பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.