சாய்ந்த சக்கரமும் கலங்கிய படமும்

மோட்டார் பந்தயங்களைப் படம்பிடிப்போர் இன்றும் திரும்பத் திரும்பப் பேசும் படம் ஒன்றுண்டு. முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், இருபது வயதும் நிரம்பாத ஜாக் ஆன்ரி லார்த்தீக் எடுத்தது. அதில் காரின் சக்கரம் முட்டை வடிவாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். வேடிக்கை பார்ப்போர் எதிர்ப்புறம் சரிந்திருப்பர். அக்காலக் கமராவில் ஒடுங்கிய பிளவொன்று தகட்டின் மேலாக நகர்ந்தே ஒளியை உள்ளே விட்டது. ஆகவே படத்தின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே கணத்தில் பதியவில்லை. காரைத் தொடர்ந்து கமராவைத் திருப்பிய இளைஞரால் அதன் வேகத்துக்கு முற்றாக ஈடுகொடுக்கவும் இயலவில்லை. அந்தப் பிழைதான் வேகத்தின் உருவமாயிற்று. 1963 இல் நியூயோர்க் நவீன கலைக் கூடம் அவருடைய படங்களைக் காட்சிப்படுத்தியபோது அவருக்கு வயது 69.

சென்னைக்கு அருகே சோழவரத்திலும், தென்னிலங்கையில் கட்டுக்குருந்தையிலும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதைகளே பின்னாளில் பந்தயத் தடங்களாயின. எங்கள் பலாலியும் அதே போர் தந்த ஓடுபாதைதான். அதன் விதி வேறாயிற்று. யாழ்ப்பாணத்தில் வேகம் என்றால் மாட்டுவண்டிச் சவாரி. அறுவடை முடிந்து தரை காய்ந்ததும், இரு சோடி நாம்பன்கள் பக்கம் பக்கமாகப் பாயும் நேர்த்தடம். படப்பிடிப்பை நான் கற்றது அங்கேதான்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலம் அது. மின்சாரம் இல்லை. பெற்றோல் கிடைக்காமையால் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் புகைந்தபடி ஓடின. மின்கலங்களும் தடைப்பட்டியலில் இருந்தன. என் கையில் இருந்ததோ சோவியத் நாட்டுச் செனித்-ஈ. அதன் ஒளிமானிக்கு மின்கலம் தேவையில்லை. அதனாலேயே அது பிழைத்தது. அதன் உச்ச வேகம் 1/500 வினாடி.

“தம்பி, மாட்டின்ர கால் நாலும் தெரியோணும். ஓட்டுறவன்ர முகமும் தெரியோணும்” என்பது எனக்குப் பாடம் சொன்ன மூத்த படப்பிடிப்பாளரின் விதி. அவ்விதிப்படி எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்தன. ஆனால் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கொரு குறை. வண்டி ஓடவில்லை, தோரணத்தில் செதுக்கியதுபோல் நின்றது.

1995 மாசி மாதம். போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்ததால் திடலில் பெருங்கூட்டம். சுருளில் மூன்று படங்களே மீதி, வெயிலும் இறங்கிவிட்டது. வேறு வழியின்றி வேகத்தை 1/30 க்குக் குறைத்து, வண்டி வரும் திசையில் இடுப்பிலிருந்தே உடலைத் திருப்பி, அது கடந்த பின்னரும் திருப்பத்தை நிறுத்தாமல் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது பனைகளும் சனங்களும் கோடுகளாகக் கரைந்திருந்தன, கால்கள் புகையாயிருந்தன. ஒரு நாம்பனின் கண்ணும் ஓட்டுபவரின் தோளும் மட்டும் கூர்மையாக நின்றன. “கலங்கின படம்” என்று ஆசிரியபீடம் ஒதுக்கிவிட்டது. பிரதியை வண்டிக்காரருக்கே கொடுத்துவிட்டேன். லார்த்தீக்கின் பெயரை அப்போது நான் கேள்விப்பட்டதேயில்லை.

அவ்வாண்டு ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. எதிர்மறைச் சுருள்களைப் பிஸ்கற் தகரமொன்றில் இட்டு வீட்டிலேயே விட்டுவந்தேன். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. 1996 இல் திரும்பியபோது கூரையில்லை. மழைநீர் நிறைந்த தகரத்துக்குள் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கால் நான்கும் தெரிந்த படங்கள் அத்தனையும் போயின.

சில ஆண்டுகளின் பின் அந்த வண்டிக்காரரை ஒரு கொட்டிலில் கண்டேன். மாடுகளும் இல்லை, வண்டியும் இல்லை. இடம்பெயர்ந்தபோது துணிகளுக்கிடையே மடித்து எடுத்துச் சென்ற அந்தப் பிரதி மட்டும் சுவரில் இருந்தது. நடுவே மடிப்புக் கோடு. “இதிலதான் தம்பி என்ர மாடு இன்னும் ஓடுது” என்றார்.

தனக்கென ஒரு நடை எப்படி அமைகிறது என்று இளைஞர் சிலர் இப்போதும் என்னிடம் கேட்பதுண்டு. என்னைப் பொறுத்தவரை அது தேடிக் கண்டதன்று. ஒளியும் சுருளும் போதாத ஒரு மாலையில் நேர்ந்தது. அது பிழையில்லை என்று எனக்குச் சொன்னவர் கமராவைக் கையால் தொட்டறியாத ஒருவர்.